பதிவேடு காத்த பெருந்தொண்டு: நூலகர் என். செல்வராஜாவும் ஈழத்து நூல்களும்



நூலகர் ஒருவரின் வாழ்நாட் பணியை ஒரு சமூகம் எந்த அளவுகோல் கொண்டு அளக்க வேண்டும், அளந்த பின் அவருக்கு எவ்வகையில் மதிப்பளிக்க வேண்டும் என்பதே, யாழ்ப்பாணத் தீவகத்தின் எழுவைதீவில் கூடியிருக்கும் இவ்வவையின் முன் நிகழும் இவ்வுரையின் பொருள். அப்பொருளை வெறும் கொள்கையாகப் பேசாமல், யாழ்ப்பாணத்தில் நூலகராகத் தொழில் பயின்று, பின்னர் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்து, அங்கிருந்தபடியே ஈழத்துத் தமிழ் நூல்கள் அனைத்துக்கும் பதிவேடு காணும் பணியைத் தம் தோளில் ஏற்றுக்கொண்ட என். செல்வராஜா அவர்களின் தொண்டை முன்வைத்துப் பேசுவதே பொருத்தமாகும். அப்பதிவேட்டின் பெயர் 'நூல்தேட்டம்'. நூலகவியலார் இத்தகைய பதிவேட்டை நூல்விபரப்பட்டியல் என்பர். ஒரு நூலகத்தின் அலுமாரிகளில் இருப்பவற்றை மட்டும் காட்டுவது நூலகப் பட்டியல் என்றால், எங்கே இருந்தாலும் சரி, எவரிடம் இருந்தாலும் சரி, ஒரு மொழியில் அல்லது ஒரு மக்களிடையே தோன்றிய நூல்களை எல்லாம் தேடித் தொகுத்து விபரிப்பது நூல்விபரப்பட்டியலாகும்.

ஈழத்தில் நூலொன்று வெளியிடப்படும் விழாவை இவ்வவையோர் பலமுறை கண்டிருப்பர். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆய்வுரை, ஏற்புரை எல்லாம் உண்டு. முதற்பிரதி பெறுபவருக்கும் சிறப்புப் பிரதி பெறுபவர்களுக்கும் பெயர் சொல்லி அழைப்பு உண்டு. நூலாசிரியருக்குப் பொன்னாடை உண்டு. அந்த நீண்ட அழைப்புப் பட்டியலில் ஊர் நூலகரின் பெயர் எத்தனை விழாக்களில் இடம்பெற்றிருக்கிறது? முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சிடப்பட்ட நூல், உறவினருக்கும் நண்பருக்கும் பகிரப்பட்ட பின், எஞ்சியது நூலாசிரியரின் வீட்டு அறையொன்றில் காட்போட் பெட்டிகளுக்குள் அடங்கிவிடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து அந்நூலைத் தேடி ஓர் ஆய்வு மாணவர் வருவாராயின், அவர் போய் நிற்கும் வாசல் நூலகரின் வாசலேயன்றி, முதற்பிரதி பெற்றவரின் வாசல் அன்று. எழுதுவோரைப் போற்றிய அளவுக்கு, எழுதியதைக் காத்தோரைத் தமிழ்ச் சமூகம் போற்றவில்லை என்பது கசப்பானதே ஆயினும் உண்மை.

இக்குறை வடபுலத்தில் கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. நூலகம் என்பதைத் தம் கையால் உருவாக்கிய மக்கள் இவர்கள். 1933ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்னும் அறிஞர் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு ஒரு மத்திய இலவச நூலகம் வேண்டும் என்ற வேண்டுகோளையும் விடுத்தார். மறு ஆண்டே அதற்கெனக் குழு அமைந்தது. அவர் அதன் செயலாளரானார். ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்குப் பெற்ற ஒற்றை அறையில் 844 நூல்களோடும் 36 சஞ்சிகைகள், பத்திரிகைகளோடும் நூலகம் திறக்கப்பட்டது. 1935இல் அது நகர சபையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. பின்னர், வணபிதா லோங் அடிகளார் முதலியோரின் பெருமுயற்சியினால் 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டு, சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மனின் வடிவமைப்பிலும், இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையோடும் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடம், 1959 ஒக்டோபர் 11ஆம் நாள் மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. ஒற்றை அறையும் 844 நூல்களுமாக இருந்தது, அரை நூற்றாண்டு நிரம்புவதற்குள் ஏறத்தாழ 97,000 நூல்களாகப் பெருகியது.

1981ஆம் ஆண்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள்களே இருந்த வேளையில், மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்முறையில் அந்த நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அந்த நெருப்பின் அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். இச்செய்திகள் இவ்வவையில் எவருக்கும் புதியவை அல்ல. எனினும் அந்த அழிவுக்குள் அடங்கிய இன்னோர் அழிவு குறித்து மக்கள் அதிகம் பேசுவதில்லை. எரிந்தவை எத்தனை என்று சொல்ல முடிந்தது. எவை எவை எரிந்தன என்று பெயர் சொல்லி, ஆசிரியர் சொல்லி, ஆண்டு சொல்லி முழுமையாக ஒப்புவிக்க முடிந்ததா? ஒரே ஒரு பிரதியாக அங்கே இருந்தது எது, வேறிடத்தில் மறுபிரதி உள்ளது எது என்று பிரித்தறிய முடிந்ததா? முடியவில்லை. பெயர் தெரிந்த நூல் எரிந்தால் அதன் மறுபிரதியை உலகெங்கும் தேடலாம். பெயரே தெரியாமற் போன நூலை எவரும் தேடப் போவதில்லை. நூல் அழிவது ஓர் இழப்பு. நூல் இருந்தது என்ற செய்தியும் சேர்ந்து அழிவது அதனினும் பெரிய இழப்பு. இந்த இரண்டாவது இழப்பைத் தடுப்பதற்கென்றே வாழ்நாளைச் செலவிட்டவர் என்பதனாலேயே நூலகர் செல்வராஜா இவ்வவையின் மதிப்புக்கு உரியவராகிறார்.

அவர் வெற்றிடத்தில் தொடங்கியவர் அல்லர். 1859இல் சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்தார். 1865இல் ஜோன் மேர்டொக் அதுவரை அச்சேறிய தமிழ் நூல்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டார். 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளிவந்தது. இவ்வரிசையில் தீவகத்துக்கு உரியதொரு பெயரும் உண்டு. கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளே அவர். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தோற்றத்துக்கு உழைத்தவராக அவரை அறிந்தோர் பலர். ஆனால், 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தமிழியல் நூல்களுக்கென ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டிப் பட்டியலை அவர் வெளியிட்டதை அறிந்தோர் சிலரே. ஆய்வு வளர வேண்டுமானால் முதலில் நூல்களின் பெயரும் விபரமும் ஆய்வாளரின் மேசைக்கு வர வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவ்வுணர்வு அவருக்குப் பட்டறிவினால் வந்தது. அந்தம் தெ புரோவென்சா என்னும் இயேசு சபைத் துறவி தொகுத்த தமிழ்-போர்த்துக்கேய அகராதி, 1679இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. காலப்போக்கில் தமிழ்நிலம் அதை மறந்தது. ஏறத்தாழ 275 ஆண்டுகளின் பின், 1954இல், வத்திக்கான் நூலகத்தில் தனிநாயகம் அடிகள் அதன் பிரதியைக் கண்டெடுத்தார். 1966இல் அது மீண்டும் அச்சேறியது. கண்டெடுத்தவரின் பெயரை வரலாறு போற்றுகின்றது, போற்றவும் வேண்டும். அவர் வந்து கேட்கும் வரையில், தமக்கு விளங்காத மொழியில் அமைந்த அந்நூலுக்கும் ஓர் இடம் கொடுத்து, ஓர் இலக்கம் கொடுத்து, ஈரமும் பூச்சியும் அணுகாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்த நூலகர்கள் யார்? அவர்களுடைய பெயர்கள் எவருக்கும் தெரியா. அவர்கள் காத்திராவிட்டால் அடிகளார் கண்டெடுத்திருக்க மாட்டார். நூலகர் தொண்டின் இயல்பு இதுவே: பயன்பெறுபவர் எவர் என்று அறியாமலே, அவர் இன்னும் பிறக்காதவராகவே இருந்தாலும், அவருக்காக இன்று உழைப்பது.

இனி, 'நூல்தேட்டம்' என்னும் பணியை நெருங்கிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் ஈவ்லின் இரத்தினம் பல்லினப் பண்பாட்டு நிறுவனத்தின் நூலகராகப் பணியாற்றிய செல்வராஜா, போர்ச்சூழலில் நாட்டை விட்டுச் சென்றபோது தம் தொழிலை விட்டுச் செல்லவில்லை. 2002ஆம் ஆண்டில் 'நூல்தேட்டம்' முதல் தொகுதி வெளிவந்தது. ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்பது அவர் வகுத்துக்கொண்ட கணக்கு. முதல் தொகுதி ஒன்றிலிருந்து ஆயிரம் வரை, இரண்டாம் தொகுதி ஆயிரத்தொன்றிலிருந்து இரண்டாயிரம் வரை எனத் தொடர் இலக்கமிட்டு வளர்ந்த வரிசை, பத்துத் தொகுதிகளையும் பதினாயிரம் பதிவுகளையும் கடந்து சென்றுள்ளது. பதிவுகள் அனைத்தும் தூயி தசமப் பகுப்பு முறையைத் தழுவி, அதாவது அறிவுத்துறைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணிடும் முறையைத் தழுவி, பொருள்வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. தலைப்பு வழியாகத் தேடுவோருக்கும் ஆசிரியர் பெயர் வழியாகத் தேடுவோருக்கும் தனித்தனி வழிகாட்டிகள் உண்டு.

ஒரு பதிவில் என்னென்ன உள்ளன? தொடர் இலக்கம், நூலின் தலைப்பு, ஆசிரியரின் பெயரும் அவருடைய புனைபெயரும், வெளியிட்ட ஊர், வெளியிட்டவர், எத்தனையாவது பதிப்பு, எந்த மாதம், எந்த ஆண்டு, அடைப்புக்குறிக்குள் அச்சகத்தின் பெயரும் முகவரியும், முகவுரைப் பக்கங்கள் உரோம எண்ணிலும் மற்றப் பக்கங்கள் வழமையான எண்ணிலும், ஒளிப்படங்கள், வரைபடங்கள் உண்டா என்ற குறிப்பு, விலை, சென்ரிமீற்றரில் நீளமும் அகலமும், இவ்வளவுக்கும் பின், நூல் எதைப் பேசுகிறது என்று சொல்லும் சில வரிகள். நூலைக் கையில் எடுக்காமல் அதன் நீள அகலத்தை எழுத முடியாது. புரட்டாமல் உரோம எண்ணிட்ட பக்கங்களை எண்ண முடியாது. படிக்காமல் அந்தச் சில வரிகளை எழுத முடியாது. ஒரு பதிவுக்கு இவ்வளவு உழைப்பு என்றால், பதினாயிரம் பதிவுகளுக்கு எவ்வளவு என்பதை அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அச்சகத்தின் முகவரி எதற்கு, அளவு எதற்கு, விலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மக்கள் பட்ட பாட்டின் வரலாறு இச்சிறு குறிப்புகளில்தான் பதிந்திருக்கிறது என்பதே விடை. யாழ்ப்பாணத்து வீதிகளின் பெயரோடு விளங்கிய அச்சக முகவரிகள் மெல்லக் கொழும்புக்கும் சென்னைக்கும் இடம்பெயர்வதும், பின்னர் வெளியீட்டிடமாக இலண்டனும் பாரிசும் ரொறன்ரோவும் தோன்றுவதும், ஒரு மக்கள் கூட்டம் எவ்வழியாகச் சிதறியது என்பதை ஆண்டுவாரியாகக் காட்டும் சான்றுகள். தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் அச்சுத்தாளும் மையும் அரிதாகிவிட்ட குடாநாட்டில், கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சு நடந்தது. அத்தட்டுப்பாட்டு நாள்களிலும் ஒருவர் கவிதை நூல் வெளியிட்டார், ஒருவர் பாடநூல் வெளியிட்டார், ஒரு கோயிற் சபையார் மலர் வெளியிட்டனர் என்பதை நாளைய வரலாற்றாசிரியருக்கு எது சொல்லும்? பதிவேடு சொல்லும்.

இப்பணியை அரசு செய்யாதா என்ற வினாவும் எழும். அச்சிடப்படும் நூலின் குறித்த பிரதிகளை அரச நிறுவனத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்னும் சட்டவைப்பு முறை இலங்கையில் பிரித்தானியர் காலம் தொட்டு உண்டு. தேசிய நூற்பட்டியலும் உண்டு. ஆயினும் போர்க்காலத்தில் வடபுலத்தில் அச்சான நூல்கள் பலவற்றுக்குக் கொழும்பு சென்று சேரும் வழியே இருக்கவில்லை. வெளிநாட்டில் அச்சாகும் ஈழத்தவர் நூலை இலங்கையின் சட்டம் கட்டுப்படுத்தாது. புலம்பெயர்ந்த நாட்டின் நூலகத்துக்கும் அது அயல்மொழி நூலே. இரு கரைக்கும் இடையில் கிடந்த இந்நூல்களுக்குச் சொந்தம் கொண்டாட ஒருவரும் இல்லாத நிலையில், தனியொருவர் முன்வந்தார். அது போற்றுதற்குரியது, ஆனால் ஒரு மக்களின் முழு நூற்பதிவும் தனி மனிதர் ஒருவரின் உடல்நலத்தையும் ஓய்வு நேரத்தையும் கைப்பணத்தையும் நம்பியே நடந்தது என்பது அச்சமூகத்துக்குப் பெருமை தருவதன்று. பல்கலைக்கழகமும் உள்ளூராட்சி மன்றங்களும் எழுத்தாளர் அமைப்புகளும் கூடிச் சுமக்க வேண்டிய பாரம் அது. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம், ஈழத்து நூல்களை மின்வருடி இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்க வைத்தது, அந்தப் பாரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம் என்பதற்குக் கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு.

பதிவேடு ஆய்வாளருக்கு மட்டும் உரியது, எழுவைதீவில் இருக்கும் மாணவிக்கு அதனால் என்ன பயன் என்று நினைப்பது தவறு என்பதை, யாழ்ப்பாண நூலகத்துக்கு ஆலோசனை வழங்கிய இரங்கநாதனின் விதிகளே காட்டும். அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைப் பேணுக, நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓர் உயிரி. அவ்விதிகளின் சாரம் இவ்வளவே. இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி, ஊர் ஊராகக் கொண்டுசென்று உழவருக்குக் கொடுக்கும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. வாசகர் வரட்டும் என்று காத்திராமல், வாசகர் இருக்கும் இடத்துக்கு நூல் போயிற்று.

மன்னார்குடியில் வண்டித்தடம் இருந்தது. எழுவைதீவுக்கு இருப்பது கடற்பாதை. யாழ்ப்பாண நகரிலிருந்து பேருந்தில் ஊர்காவற்றுறை வந்து, இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்து, சோழகம் பெயர்ந்தால் அலையில் நனைந்து வந்து சேர வேண்டிய ஊரில் வாழும் மாணவி, பொது நூலகத்துக்குப் போய் அலுமாரி அலுமாரியாகத் தேடும் வசதி பெற்றவள் அல்லள். எந்த நூல் தனக்கு வேண்டும், அதை எழுதியவர் யார், அது எதைப் பேசுகிறது என்று வீட்டிலிருந்தே அவள் அறிந்துகொண்டால்தான், போகும் ஒரு நாள் பயன் தரும்; அல்லது போகும் ஒருவரிடம் சொல்லிவிட முடியும். நேரத்தைப் பேணுக என்ற விதி நகரத்தவருக்கு வசதி. தீவாருக்கோ அது கல்வியின் வாசல். நூலகத்துக்கு எவ்வளவு தூரத்தில் ஒருவர் வாழ்கிறாரோ, அவ்வளவுக்கு நல்ல பட்டியல் அவருக்குத் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் இவ்வவை நினைத்துப் பார்க்க வேண்டும். புங்குடுதீவு மு. தளையசிங்கத்தின் எழுத்தும், அதே ஊரின் சு. வில்வரத்தினத்தின் கவிதையும் தமிழுலகம் அறிந்தவை. அவற்றைத் தேடுவோர் என்றும் இருப்பர். ஆனால் தீவகத்தின் சமூக வரலாறு அவற்றில் மட்டுமா உள்ளது? குடமுழுக்குக்கு வெளியிட்ட கோயில் மலரில் உள்ளது. பாடசாலையின் ஆண்டு விழா மலரில் உள்ளது. தேவாலயத் திருநாள் வெளியீட்டில் உள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கப்படும் கல்வெட்டில் உள்ளது. தேவாரமும் திருவாசகமும் அச்சிட்ட பின், மறைந்தவரின் பிறப்பு, பெற்றோர், மணம், மக்கள், தொழில், அவர் போய் உழைத்த ஊர், கட்டிக்கொடுத்த மடம், வெட்டுவித்த கிணறு என்று அக்கல்வெட்டு சொல்லும் விபரங்களை வேறெந்த அரச ஆவணமும் சொல்வதில்லை. எழுவைதீவிலிருந்து சுருட்டுக்கடைக்கோ கப்பற்றொழிலுக்கோ புறப்பட்ட ஒருவரின் வாழ்க்கை, இந்தப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் மட்டுமே எழுத்தாகியிருக்கக் கூடும்.

இம்மலர்களும் கல்வெட்டுகளும் இன்று எங்கே உள்ளன? தொண்ணூறுகளின் இடப்பெயர்வில் ஆளில்லாமற் போன தீவகத்து வீடுகள் பலவற்றில், கூரையோடு சேர்ந்து மண்ணாயின. எஞ்சியவை சாமியறைத் தட்டிலும் பழைய றங்குப் பெட்டியிலும் உப்புக்காற்றில் பழுப்பேறிக் கிடக்கின்றன. கறையான் ஒரு மாரிக்குள் செய்துவிடும் அழிவை நெருப்பின் அழிவிலிருந்து எவ்வாறு வேறுபடுத்துவது? நெருப்பை நினைத்து ஆண்டுதோறும் கூடி அழும் மக்கள், தம் வீட்டுத் தட்டில் நடக்கும் அழிவைக் காணாதிருப்பது முறையாகுமா?

ஆகவே, நூலகர் செல்வராஜாவுக்கும், பெயர் அறியப்படாமல் இத்தொழிலில் உழைத்து ஓய்ந்த நூலகர் அனைவருக்கும் இவ்வவை செய்யக்கூடிய சிறப்பு, மாலையோடு நின்றுவிடலாகாது. மாலையும் வேண்டும், உயிரோடு இருக்கும்போதே வேண்டும். அதற்கு மேலாக, எழுவைதீவின் ஒவ்வொரு வீட்டாரும் தம்மிடமுள்ள மலர்களையும் கல்வெட்டுகளையும் பழைய நூல்களையும் வெளியே எடுத்து, தூசு தட்டி, தலைப்பும் ஆண்டும் அச்சகமும் பக்க எண்ணிக்கையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். எழுத்தறிந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஒரு பின்னேர வேலை. நூலகத்துக்குக் கொடுத்துவிட மனமில்லாதவர்கள் மின்வருடுவதற்கு மட்டும் கொடுத்துத் திரும்பப் பெறலாம். இனி நூலோ மலரோ வெளியிடும் சபையார், சிறப்புப் பிரதிப் பட்டியலின் முதல் மூன்று பெயர்களாக ஊர் நூலகத்தையும் யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தையும் எழுதி வைக்க வேண்டும். பாடசாலை அதிபர்களும் சனசமூக நிலையத்தாரும் இக்கூட்டம் கலைவதற்கு முன்பே கூடிப் பேசி, கொப்பியைப் பொறுப்பேற்கும் ஒருவரைத் தெரிவுசெய்யுமாறு இவ்வுரை வேண்டிக்கொள்கிறது.